கைமடி யார்?

(திருப்பூரில் சிறுதொழில் நடத்துவோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்ட தம்பி போனில் தலைப்பைச் சொன்ன கையோடு பதிலையும் கேட்டுவிட்டார். "கம்பெனிக்கு சாஃப்ட்வேர் வாங்கறதுன்னா ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா நல்லதாப் பார்த்து வாங்கறதா, இல்ல எல்லாம் சேர்ந்த ஒரே பேக்கேஜா வாங்கிப் போட்டுடறதா? எதுங்கண்ணா நல்லது?" முப்பது வருஷமாக இந்த ஊர்க் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறவன் நான். இரண்டு வகையையும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தத் திட்டில் தேறியதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

இந்தக் கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரியும். தையல் மெஷினை நினைத்துப் பாருங்கள். கடையில் வீட்டுக்கு விற்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. நேர்த்தையல் போடும், ஜிக்ஜாக் போடும், காஜா எடுக்கும், ஓரம் மடிக்கும், பூ வேலைகூடச் செய்யும். மேஜையில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் ஜாக்கெட் தைத்துத் தருகிற அக்காவுக்கு அதைவிட நல்ல மெஷின் கிடையாது. ஆனால் உங்கள் கம்பெனிக்கு அதில் ஐம்பது வாங்குவீர்களா? மாட்டீர்கள். தோள் கூட்ட ஓவர்லாக், கை மடிக்க பிளாட்லாக், லேபிள் வைக்க சிங்கிள் நீடில், காஜாவுக்குத் தனி மெஷின் என்றுதான் வாங்குவீர்கள். ஒரு நாளைக்கு ஐயாயிரம் பீஸ் ஓடுகிற இடத்தில் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு மெஷின். ஒரு நாளைக்கு ஐந்து ஜாக்கெட் தைக்கிற இடத்தில் எல்லாத் தையலுக்கும் ஒரு மெஷின். இதை யாரும் உங்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லித்தரவில்லை.

ஆனால் தனித்தனி மெஷின் வாங்கினவுடன் கூடவே இன்னொரு செலவும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓவர்லாக்கில் முடிந்த பீஸ் தானாக எழுந்து பிளாட்லாக்குக்கு நடந்து போகாது. எடுத்து, மடித்து, கட்டி, அடுத்த டெய்லர் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் நம்ம ஊரில் கைமடி என்று பேர். டெய்லர் எண்ணிக்கையைச் சொல்கிறபோது கைமடியை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கைமடி வராத அன்றைக்கு லைன் ஓடாது.

சாஃப்ட்வேருக்கும் கைமடி உண்டு. அது யார் என்பதுதான் என் பேச்சு முழுக்க.

போன வருஷம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போயிருந்தேன். இருநூறு டெய்லர். முதலாளி பெருமையாகச் சொன்னார், "எங்ககிட்ட இல்லாத சாஃப்ட்வேரே இல்லீங்க." எண்ணிப் பார்த்தேன். கணக்குக்கு டேலி. காஸ்டிங் போட எக்ஸெல். பேட்டர்னுக்கும் மார்க்கருக்கும் ஒரு கேட் (CAD) சாஃப்ட்வேர். புரொடக்‌ஷன் பார்க்க ஒரு சாஃப்ட்வேர். கைரேகை வைக்கிற அட்டென்டன்ஸ் மெஷினோடு வந்த ஒன்று. சம்பளத்துக்கு ஒன்று. ஷிப்பிங் ஏஜெண்டுக்கு அனுப்புகிற வேர்ட் கோப்புகள். இவற்றுக்கு மேலே வாட்ஸ்அப். பையர் அனுப்புகிற ஒப்புதல், கலர் மாற்றம், திட்டு எல்லாம் அதில்தான் வருகிறது. மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போகிற அன்றைக்கு அவர் போனோடு அதுவும் போய்விடுகிறது.

அங்கே அக்கவுண்ட்ஸில் ஒரு அண்ணன் இருந்தார். அவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒரே ஆர்டர் நம்பரை அவர் அன்றைக்கு ஒன்பது இடத்தில் டைப் அடித்தார். ஓரிடத்தில் நடுவே கோடு போட்டு, ஓரிடத்தில் கோடு இல்லாமல், ஓரிடத்தில் முன்னால் பையர் பெயரின் முதல் எழுத்தோடு. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பின பிறகு, அட்டென்டன்ஸ் மெஷினிலிருந்து வந்த கோப்பைத் திறந்து சம்பள சாஃப்ட்வேர் கேட்கிற மாதிரி வரிசையை மாற்றிக்கொண்டிருந்தார். "இது தினமும் உண்டாண்ணா?" என்றேன். "சனிக்கிழமை சம்பளமுங்க, வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் பதினொன்னு ஆயிரும்" என்றார். முதலாளி பட்டியல் போட்ட சாஃப்ட்வேர் விலைகளில் இந்தப் பதினொரு மணி இல்லை.

அந்த அண்ணன்தான் கைமடி.

இனி பேக்கேஜ் விற்க வருகிறவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். 'அந்த ஆள் இனி உங்களுக்கு வேண்டாம்' என்கிறார். எல்லாம் ஒரே வீட்டுக்குள் இருக்கும், ஓரிடத்தில் அடித்தால் ஒன்பது இடத்திலும் தெரியும் என்கிறார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கட்டாக விற்பதன் சரித்திரத்தைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒன்றோடு ஒன்று சேருகிற மூட்டின் வலியைக் காட்டித்தான் வியாபாரம் நடந்திருக்கிறது.

ஆரம்பத்தில் கம்ப்யூட்டர் என்றாலே கட்டுதான். ஐபிஎம் மெஷினைக் கொடுத்தால் புரோகிராம், பயிற்சி, பழுது பார்ப்பது எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம். அமெரிக்க அரசு அந்தக் கம்பெனி மேல் ஏகபோக வழக்குப் போட்ட 1969-இல், ஜூன் மாதம், ஐபிஎம் சாஃப்ட்வேருக்கும் சேவைக்கும் தனி விலை என்று அறிவித்தது. சாஃப்ட்வேர் என்பதைத் தனிச் சரக்காக விற்கலாம் என்ற தொழில் பெரிதாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான். மூன்று வருஷம் கழித்து, 1972-இல், ஜெர்மனியில் ஐபிஎம்மை விட்டு வெளியே வந்த ஐந்து பேர் எஸ்ஏபியைத் தொடங்கினார்கள். வேடிக்கையைப் பாருங்கள்: கட்டு அவிழ்ந்ததால் தழைத்த ஒரு தொழிலில், கணக்கு, சரக்கு, உற்பத்தி, ஆள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தருவதற்கே பெயர்போன கம்பெனி அது.

நான் கம்ப்யூட்டர் படித்த காலத்தில் வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் மூன்றையும் சேர்த்து ஒரு கோர்ஸ் என்பார்கள். மூன்றுக்கும் மூன்று பாஷை. வேர்ட்ஸ்டாரில் கன்ட்ரோலோடு கே. லோட்டஸில் சாய்கோட்டைத் தட்டினால்தான் மெனு வரும். டிபேஸில் ஒரு புள்ளி மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும், என்ன கேட்பது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். லோட்டஸில் போட்ட கணக்கைக் கடிதத்துக்குள் கொண்டுவர நாங்கள் பார்த்துப் பார்த்துத் திரும்ப டைப் அடித்திருக்கிறோம். இத்தனைக்கும் லோட்டஸின் பெயரிலிருக்கிற ஒன்று-இரண்டு-மூன்று என்பதே கணக்குத்தாள், வரைபடம், தகவல் பட்டியல் மூன்றும் சேர்ந்தது என்பதற்காக வைத்தது. 1983-இல் அதுவே ஒரு கட்டுதான். பிறகு 1990-இல் வேர்டு, எக்ஸெல், பவர்பாயிண்ட் மூன்றையும் விண்டோஸுக்காக ஆஃபீஸ் என்று சேர்த்து மைக்ரோசாஃப்ட் விற்றது. அன்றைக்கு எழுதுவதற்கு வேர்ட்பெர்ஃபெக்ட்தான் உசத்தி என்று சத்தியம் செய்தவர்கள் நிறைய. ஆனால் மூன்றிலும் ஒரே மாதிரி மெனு, இங்கே எடுத்து அங்கே ஒட்டலாம் என்றதும் உசத்தி எடுபடாமல் போயிற்று. ஜனங்கள் காசு கொடுத்தது அந்த ஒட்டுதலுக்கு.

விலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேக்கேஜில் நமக்கு வேண்டாததும் சேர்ந்து வருகிறது, அதற்கும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள் என்பது பொதுவான குறை. ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளியலாளர் 1963-இல் இதற்கு ஓர் அழகான கணக்குப் போட்டார். சினிமாக் கம்பெனிகள் நல்ல படத்தையும் சுமாரான படத்தையும் சேர்த்துக் கட்டி விற்றதுதான் அவர் எடுத்துக்கொண்ட விஷயம். இரண்டு தியேட்டர். முதல் தியேட்டர் பெரிய படத்துக்கு 8000 டாலர் வரை தரும், சின்னப் படத்துக்கு 2500. இரண்டாவது தியேட்டர் பெரிய படத்துக்கு 7000, சின்னப் படத்துக்கு 3000. தனித்தனியாக விற்று இருவருமே வாங்க வேண்டுமென்றால் பெரிய படத்தை 7000-க்கும் சின்னதை 2500-க்கும்தான் விற்க முடியும், ஆளுக்கு 9500. சேர்த்துக் கட்டினால் இருவரும் 10,000 தரத் தயார். விற்கிறவருக்கு ஆளுக்கு 500 கூடுதல். வாங்குகிறவரும் தன் கணக்குக்கு மேல் ஒரு காசு கொடுக்கவில்லை.

இதை நம்ம கடைக்குக் கொண்டுவந்து பாருங்கள். பில்லிங்குக்கு அதிகம் தரத் தயாராக இருக்கிற ஹார்டுவேர் கடைக்காரரும், சம்பளக் கணக்குக்கு அதிகம் தரத் தயாராக இருக்கிற பனியன் கம்பெனிக்காரரும் ஒரே பேக்கேஜை ஒரே விலைக்கு வாங்குகிறார்கள். உங்களுக்கு எது வேண்டாமோ அதற்காகத்தான் இன்னொருவர் வாங்குகிறார். ஆகவே 'நாற்பது மாட்யூல் இருக்கிறது, நான்குதான் உபயோகிக்கிறேன், ஏமாந்துவிட்டேன்' என்று வருத்தப்பட வேண்டாம். அந்த நான்கையும் தனியாக வாங்கினால் என்ன விலை என்று பார்த்து, அதற்குள் இது வந்தால் சரி. மீதி முப்பத்தாறையும் கண்ணால் பார்க்காதீர்கள். கிடக்கிறதே என்று நோண்டப் போய் மூன்று மாதம் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தலைக்கு இவ்வளவு என்று விலை சொன்னால், எந்தத் தலை என்று கேளுங்கள். கம்ப்யூட்டரைத் தொடுகிற பத்துத் தலையா, கைரேகை வைக்கிற இருநூறு தலையா? இந்தியாவில் பாதிப் பேரம் இந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும்.

சரி, கட்டாக வாங்கினால் கைமடி போய்விடுவாரா?

லிடில் என்று ஜெர்மனியில் ஒரு பெரிய மளிகைக் கடைத் தொடர். 2011-இல் எஸ்ஏபியை வைத்துத் தன் சரக்கு நிர்வாகம் முழுவதையும் மாற்றத் தொடங்கி, ஏழு வருஷம் கழித்து, 2018-இல், வேண்டாம் என்று நிறுத்தியது. சுமார் 50 கோடி யூரோ செலவானதாகப் பத்திரிகைகள் எழுதின. காரணமாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்றைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சாஃப்ட்வேர் கையிருப்புச் சரக்கை விற்கும் விலையில் மதிப்பிடும்படி எழுதப்பட்டது. லிடிலோ காலங்காலமாக வாங்கின விலையில் மதிப்பிடுகிற கடை. கடை தன் பழக்கத்தை விடவில்லை. சாஃப்ட்வேரை அறுத்துத் தைத்தார்கள். அறுத்துத் தைத்ததைச் சரிசெய்ய மேலும் அறுத்தார்கள்.

நம்ம ஊரில் அந்த மாதிரிப் பழக்கம் ஒன்றரை ஷிஃப்ட். மாதச் சம்பளம், எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஓவர்டைம் என்று எண்ணி எழுதின சம்பள மாட்யூலில் ஒன்றரை ஷிஃப்ட் என்று எழுத இடமே இருக்காது. சனிக்கிழமை சனிக்கிழமை கணக்கு முடிப்பதும் இருக்காது. ஒரே ஆள் திங்கள், செவ்வாய் ஷிஃப்ட் கூலிக்கும் புதன் முதல் பீஸ் ரேட்டுக்கும் ஓட்டுவார் என்று அதை எழுதினவருக்குத் தெரியாது. என் யோசனையைக் கேட்டு ஒரு குடும்பம் பெரிய தொகைக்கு முழுப் பேக்கேஜ் வாங்கினார்கள். ஆறு மாதம் கழித்துப் போனேன். ஸ்டோரில் இருந்த பெரியவர் மேஜைக்கு அடியிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். "இதுல எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் அதுல ஏத்தறமுங்க. அதை நம்பி சரக்கு எடுக்க முடியாதுங்க." திரையில் தெரிவது ஒரு கையிருப்பு, நோட்டில் இருப்பது ஒரு கையிருப்பு. மூட்டுகளை ஒழிக்கிறேன் என்று நான் போய், கம்பெனிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் புதிதாக ஒரு மூட்டு வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்தத் திட்டை இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆகவே கட்டு வாங்கினால், அதன் பழக்கத்துக்கு நம் பழக்கம் வளைய வேண்டும். வளையக்கூடிய இடத்தில் வளைவது லாபம். லெட்ஜர் எப்படி எழுதுகிறோம், லீவு எப்படிப் பதிகிறோம் என்பதிலெல்லாம் நமக்கென்று ஒரு தனிவழி வைத்திருப்பதால் ஒரு பைசா கிடைப்பதில்லை; அங்கே பிடிவாதம் பிடிப்பது வெறும் வீம்பு. கூலி கொடுக்கிற விதம் அப்படியில்லை. அதை மாற்றினால் டெய்லர் எதிர்க் கம்பெனிக்குப் போய்விடுவார்.

எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற சாக்லேட் கம்பெனி, 1999. தனித்தனியாக அந்தந்த வேலையில் பெயர்பெற்ற சாஃப்ட்வேர்களைத்தான் பொறுக்கி எடுத்தார்கள். அடிப்படைக்கு எஸ்ஏபி, சரக்கு அனுப்பும் திட்டத்துக்கு மனுஜிஸ்டிக்ஸ், வாடிக்கையாளர் பக்கத்துக்கு சீபெல். மொத்தம் 11 கோடி டாலருக்கு மேல். மூன்றையும் அந்த ஜூலையில் ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். அக்டோபர் கடைசியில் ஹாலோவீன். அங்கே சாக்லேட்டுக்கு அதுதான் தீபாவளி. சாக்லேட் கிடங்கில் இருந்தது, கடைக்காரர்களின் ஆர்டரும் வந்தது, ஆனால் இதற்கு அது என்று சேர்த்து வண்டியேற்ற முடியவில்லை. ஏறத்தாழ 10 கோடி டாலர் ஆர்டருக்குச் சரக்குப் போகாமல் நின்றது. மூன்றும் மோசமான சாஃப்ட்வேர் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று புது மாப்பிள்ளைகளை ஒரே முகூர்த்தத்தில் ஒரே வீட்டுக்குள் விட்டால் என்ன ஆகுமோ அது ஆயிற்று.

எட்டு சாஃப்ட்வேர் இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்க்க 28 வழி. நான்கிருந்தால் ஆறுதான். எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் பேச்சு இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எண்ணிக்கை ஏறுகிறபோது மூட்டு அதைவிட வேகமாக ஏறும்.

அப்படியென்றால் தனிக்கருவியே வேண்டாமா? மார்க்கரைப் பாருங்கள். துணியின் மேல் பேட்டர்ன் பாகங்களை எப்படி நெருக்கி அடுக்குவது என்கிற வேலை. வருஷத்துக்கு 100 டன் துணி ஓடுகிற கம்பெனி, கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கோடி ரூபாய்த் துணி. மார்க்கரில் நூற்றுக்கு ஒன்று மிச்சம் பிடித்தால் நான்கு லட்சம். அதற்கென்றே எழுதின கேட் சாஃப்ட்வேர் செய்கிற வேலையை, நாற்பது மாட்யூலில் ஒன்றாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிற மார்க்கர் செய்யாது. இங்கே கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அதே சமயம் உலகத்திலேயே சிறந்த அட்டென்டன்ஸ் சாஃப்ட்வேரை வாங்கினாலும் ஒரு கிலோ துணி மிச்சமாகாது. ஆள் வந்தாரா வரவில்லையா என்று தெரிந்தால் போதும்.

இப்போது நம்ம ஊருக்கே வருகிறேன். உலகத்தில் தனிக்கருவியை நம்பி வாழ்கிற ஊர் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் திருப்பூரைத்தான் காட்டுவேன். பழைய காலத்துப் பெரிய மில் என்றால் பஞ்சு ஒரு வாசலில் போய்த் துணியாக இன்னொரு வாசலில் வரும். இங்கே நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங், எம்பிராய்டரி ஆளுக்கோர் இடம். ஒரு டி-ஷர்ட் வெளிநாடு போகிறதுக்கு முன்னால் ஏழெட்டு முதலாளிகளைப் பார்த்துவிடுகிறது. இத்தனை கை மாறியும் எப்படி ஓடுகிறது? டிசி. அந்த டெலிவரி சலானில் என்ன எழுதியிருக்கும்? எத்தனை ரோல், எத்தனை கிலோ, என்ன டயா, என்ன ஜிஎஸ்எம். சாயத்துக்குப் போன கிலோவுக்கும் திரும்பி வந்த கிலோவுக்கும் நடுவில் எத்தனை சதவீதம் கழிவு என்று முன்பே பேசிக்கொண்டிருப்பீர்கள். நிட்டிங்காரர் எழுதுகிற கிலோவும் சாயப்பட்டறைக்காரர் எழுதுகிற கிலோவும் ஒரே கிலோ. கிலோவும் டயாவும் ஜிஎஸ்எம்மும் எல்லோருக்கும் பொது என்பதால்தான் ஒவ்வொருவரும் தன் வேலையை மட்டும் நன்றாகச் செய்துகொண்டு பிழைக்க முடிகிறது. நம்ம ஊரின் கைமடி அந்தக் காகிதம்.

(அதன் ஆபத்தும் நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, நிட்டிங் மெஷின் நன்றாகத்தான் இருந்தது, டெய்லரும் இருந்தார்கள். நடுவில் ஒரு கண்ணி விட்டதும் ஊர் தவித்ததை இங்கே இருக்கிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.)

சாஃப்ட்வேரிலும் எங்கெல்லாம் டிசி மாதிரிப் பொதுக் காகிதம் இருக்கிறதோ அங்கெல்லாம் தனிக்கருவி வாங்குவது பயமில்லாத வேலை. பணம் அனுப்ப யூபிஐ இருக்கிறது. நீங்கள் எந்தச் செயலி வைத்திருந்தாலும், டீக்கடைக்காரர் எந்தச் செயலி வைத்திருந்தாலும் காசு போய்ச் சேருகிறது, ஏனென்றால் நடுவில் இருக்கிற மூட்டு இரண்டு செயலிக்காரருக்கும் சொந்தமில்லை. ஜிஎஸ்டியில் இ-இன்வாய்ஸ் அப்படித்தான். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதலுக்கு மேல் என்று தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடியைத் தாண்டின எல்லோருக்கும் கட்டாயம். வேறு கம்பெனிக்குப் போடுகிற பில்லில் என்னென்ன விவரம், எந்த வரிசையில், எந்த வடிவத்தில் என்று அரசாங்கமே அச்சு வார்த்துக் கொடுத்துவிட்டது. அந்த அச்சில் கொட்டத் தெரிந்த எந்த பில்லிங் சாஃப்ட்வேரும் சரி. கட்டாயமாக வந்ததே என்று நாம் புலம்பினோம். நமக்கே தெரியாமல் ஒரு மூட்டு வலி தீர்ந்தது.

பொதுக் காகிதம் இல்லாத இடம்தான் சிக்கல். காஸ்டிங் எக்ஸெல்லிலிருந்து புரொடக்‌ஷனுக்கு, புரொடக்‌ஷனிலிருந்து சம்பளத்துக்குப் போகிற வழியில் எந்த அரசாங்கமும் அச்சு தரவில்லை. அங்கே இரண்டே வழி. இரண்டையும் ஒரே ஆளிடம் வாங்குங்கள். இல்லையென்றால் நீங்களே ஒரு டிசி எழுதிக்கொள்ளுங்கள். ஆர்டர் நம்பர் இப்படித்தான் எழுதப்படும், ஸ்டைல் நம்பர் இப்படித்தான், கலருக்கு இதுதான் பெயர், நேவியை ஒருவர் டார்க் புளூ என்று எழுதக்கூடாது என்று ஒரு பக்கக் காகிதம். இதற்குச் சாஃப்ட்வேர் வேண்டாம், முதலாளியின் கையெழுத்து போதும்.

இன்னொன்று, போகிற வழி. வாங்குகிற அன்றைக்கே விடுகிற அன்றைக்கான கேள்வியையும் கேட்டுவிட வேண்டும். கல்யாணத்தன்று விவாகரத்துப் பேச்சா என்று சங்கடப்படாதீர்கள். 2025 ஜூலையில் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட நயாரா எனர்ஜி என்ற எண்ணெய்க் கம்பெனிக்கு என்ன நடந்தது என்று படித்திருப்பீர்கள். அதில் ரஷ்ய ரோஸ்நெஃப்ட்டுக்குப் பங்கு இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. உடனே மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனிக்கான சேவையை நிறுத்தியது. காசு கட்டின சேவைதான். அஞ்சலும் போயிற்று, அலுவலகப் பேச்சும் போயிற்று, கோப்பும் போயிற்று, எல்லாம் ஒரே கட்டுக்குள் இருந்ததால். டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகு சேவை திரும்பியது. உங்களுக்கு ஐரோப்பா தடை போடப்போவதில்லை. ஆனால் புதுப்பிக்கிற தேதியில் கார்டு வேலை செய்யவில்லை என்றாலும் திரை அப்படித்தான் இருட்டாகும்.

தனிக்கருவிக்காரரை நம்பினால் இந்தப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஸ்லாக் என்று அலுவலகப் பேச்சுக்கென்றே ஒரு நல்ல கருவி. 2016-இல் மைக்ரோசாஃப்ட் அதற்குப் போட்டியாக டீம்ஸை அறிவித்தபோது, போட்டிக்கு வரவேற்கிறோம் என்ற தொனியில் ஸ்லாக் நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தது. டீம்ஸ் ஆஃபீஸ் கட்டோடு சேர்ந்து வந்தது. 2020-இல் ஸ்லாக் ஐரோப்பிய ஒன்றியத்திடம் புகார் கொடுத்தது. அந்த வருஷம் முடிவதற்குள் தன்னை சேல்ஸ்ஃபோர்ஸுக்கு 2770 கோடி டாலருக்கு விற்றுவிட ஒப்புக்கொண்டது; தனியாக நின்ற கருவி இன்னொருவர் கட்டுக்குள் போய்விட்டது. மைக்ரோசாஃப்ட் பிறகு ஐரோப்பாவில் 2023-இலும், மற்ற நாடுகளில் 2024-இலும் டீம்ஸைத் தனியாகப் பிரித்தது. நீங்கள் தனியென்று நம்பி வாங்குவது நாளைக்கும் தனியாக இருக்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

எனக்கே ஒரு முறை நடந்தது. ஒரே ஒருவர் எழுதின புரொடக்‌ஷன் சாஃப்ட்வேர், நம்ம ஊர் வழக்கமெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நான்கு கம்பெனிக்குச் சிபாரிசு செய்தேன். அவர் தொழிலை விட்டுப் போனார். மூன்று வருஷத் தகவல் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, திறக்க ஆளில்லை. அதற்குப் பிறகு யார் எது விற்க வந்தாலும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: "போன வருஷத்து விற்பனை முழுவதையும், பார்ட்டி பெயர்களோடு, இப்போது என் கண் முன்னால் எக்ஸெல்லில் எடுத்துக் காட்டுங்கள்." ஒரு மாதத்துக்கு எடுத்துக் காட்டிவிட்டு மழுப்புவார்கள். முழு வருஷம் கேளுங்கள். டேலியைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். இந்த ஊரில் அது இத்தனை காலம் நிற்பதற்கு, உள்ளே போட்டதை எக்ஸெல்லாகவோ வேறு வடிவிலோ வெளியே எடுக்க முடியும் என்பதும், எந்தத் தெருவிலும் அது தெரிந்த ஒரு ஆள் கிடைப்பார் என்பதும் பெரிய காரணங்கள்.

தம்பி இன்னும் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்துப் பதினைந்து பேர் கம்பெனியா, யோசிக்காமல் ஒரு கட்டு வாங்குங்கள். சென்னைக்காரர்கள் 2017-இல் கொண்டுவந்த ஸோஹோ ஒன் மாதிரிப் பல செயலிகள் சேர்ந்து வருவதிலேயே உங்கள் வேலை முடிந்துவிடும். ஏற்றுமதி, இருநூறு டெய்லர் என்றால், பில், கணக்கு, சரக்கு, ஜிஎஸ்டி இவை நான்கும் ஒரே வீட்டில் இருக்கட்டும். மார்க்கர் தனியாக. கூலி, நம்ம ஊர் ஷிஃப்ட் தெரிந்தவரிடம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடம் வைக்கிற கணக்கு சாஃப்ட்வேர்தான் 2023 ஏப்ரலிலிருந்து சட்டம் என்பதை ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். எக்ஸெல்லில் கணக்கு எழுதுகிற காலம் உங்களுக்கு முடிந்துவிட்டது. ஒன்றை மாற்றி, ஒரு சீசன் ஓட்டி, அப்புறம் அடுத்தது. ஷிப்மெண்ட் நெருக்கத்தில் எதையும் தொடாதீர்கள்.

முதலில் சொன்ன அக்கவுண்ட்ஸ் அண்ணன் கதை பாக்கி இருக்கிறது. இந்த வைகாசியில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம். பத்து நாள் லீவு போட்டார். மூன்றாம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமைச் சம்பளம் போட முடியவில்லை. கப்பலேற வேண்டிய சரக்கின் இன்வாய்ஸில் ஆர்டர் நம்பர் பையர் கொடுத்ததோடு ஒத்துப்போகவில்லை. எந்த சாஃப்ட்வேரும் பழுதாகவில்லை. புதிதாக ஒரு பெரிய பேக்கேஜுக்கு விலை கேட்டு வைத்திருந்தார், வாங்கிவிடலாமா என்றார். அண்ணன் வரட்டும் என்றேன்.

கல்யாணம் முடிந்து, தேங்காய்ப் பையோடு வந்தார். "நீங்க எங்கிருந்து எடுத்து எங்க போடறீங்களோ, எல்லாத்தையும் ஒரு காகிதத்துல எழுதுங்கண்ணா" என்று உட்கார வைத்தேன். பதினேழு வரி எழுதினார். முதலாளி அதை இரண்டு முறை படித்தார். ஐந்தாவது வரியும் பதினோராவது வரியும் யாருக்காக என்று கேட்டார். "முன்னாடி இருந்த மேனேஜர் கேட்டாருங்க" என்றார் அண்ணன். அந்த மேனேஜர் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வரியையும் அன்றைக்கே அடித்தோம். மீதிப் பதினைந்தில் எட்டு, அட்டென்டன்ஸுக்கும் சம்பளத்துக்கும் நடுவில். இப்போது அந்த இரண்டை மட்டும் ஒரே ஆளிடம் வாங்குவதற்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேக்கேஜ் விலைச்சீட்டு முதலாளி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

கம்பெனிப் பெயரை மறைத்து அந்தக் காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் டீ வைத்திருக்கிற மேஜை மேல் இருக்கும்.